பேரம் எங்கே, காவல் எங்கே: உணவுக் கோளாறு வந்த ஒரு பதின்வயதுப் பெண்ணும் அவள் பெற்றோரும்

இந்த ஆய்வில் வரும் குடும்பம் தனியொரு குடும்பம் அல்ல. அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய், வந்த பிள்ளைகளின் வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் கோத்து ஒரே வீடாக எழுதியிருக்கிறேன். அதனால் யாருடைய அந்தரங்கமும் இதில் வெளியே வராது. கிலோ கணக்கையும் கலோரிக் கணக்கையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நோயில் இருக்கும் பிள்ளைகள் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடிப் படிப்பார்கள். ஒரு எண் கண்ணில் பட்டால், அதற்கும் கீழே போக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நோய் வீட்டுக்குள் வந்ததும் பெற்றோர் கறாராக இருக்க வேண்டிய இடத்தில் பேரம் பேசத் தொடங்குகிறார்கள். விட்டுவிட வேண்டிய இடத்தில் காவல் நிற்கிறார்கள். இரண்டும் பயத்தில் நடப்பவை, அன்பில் நடப்பவை. ஆனால் இரண்டுமே நோய்க்குத்தான் வசதி.

தொடக்கம்

பெண்ணுக்கு 14 வயது. அம்மா, அப்பா, 11 வயதில் ஒரு தம்பி. ஆரோக்கியமான உணவு பற்றிப் பள்ளியில் ஒரு பாடம் நடந்தது. வீட்டுக்கு வந்து இனிப்பை நிறுத்தினாள். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்து எண்ணெய் போனது, அப்புறம் காலைச் சாப்பாடு. "நல்லா இளைச்சு அழகா ஆயிட்டியே" என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இந்தப் பாராட்டுக் கட்டம் உண்டு. முதல் சில மாதங்கள் நோய்க்குக் கைதட்டல்தான் கிடைக்கிறது, பெற்றோரும் சேர்ந்துதான் தட்டுகிறார்கள்.

பிறகுதான் கவலை வந்தது. மற்றவர்களுக்குப் புழுங்கும்போது இவள் போர்வை கேட்டாள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. மாதவிடாய் நின்றது. உட்கார மாட்டாள், நடந்துகொண்டே படிப்பாள். தான் சாப்பிடாமல் தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துக் கொடுத்து, அவன் சாப்பிடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். பள்ளிப் படிக்கட்டில் ஒருநாள் மயங்கி விழுந்ததும் டாக்டரிடம் போனார்கள். விழித்திருக்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 46. பகலில் 50க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனையில் சேர்ப்பதை யோசிக்க வேண்டும் என்பது வளரிளம் பருவ மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. சேர்த்தார்கள். வெகுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறக்கூடும் என்பதால், தினமும் ரத்தம் பார்த்து, அளவு கூட்டித்தான் கொடுத்தார்கள். துடிப்பு நிலைப்பட்ட பிறகுதான் குடும்ப சிகிச்சைக்கு என்னிடம் வந்தார்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மிகக் குறைந்த துடிப்பு, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது ஆகியவை இருந்தால் வீட்டில் பேசிப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

எடை பார்க்க "சாதாரணமாக" இருக்கிறதே என்பதும் ஆறுதல் ஆகாது. ஏற்கெனவே பருமனாக இருந்த பிள்ளை வேகமாக மெலியும்போது, பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே இதயம் பலவீனப்படலாம். இந்த நோய் என்று சொல்ல மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, மனநல நோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 2013இல் நீக்கிவிட்டது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது.

முதல் சந்திப்பில் அம்மா சொன்ன வாக்கியம்: "இது என் பொண்ணே இல்லைங்க. பொய் சொல்றா, எரிஞ்சு விழறா, யார்கூடவும் ஒட்டறதில்லை." இதற்குப் பதிலாக அவரிடம் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடந்த பட்டினிச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் நடத்தியது. உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் பாதி வயிற்றுக்குத்தான் உணவு. எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. கூடவே, சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், சள்ளென்று விழுந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள். அவர்களில் யாருக்கும் உணவுக் கோளாறு இருந்ததில்லை. மகளிடம் அம்மா பார்த்த "வேறொரு ஆள்" பெரும்பாலும் பட்டினி உண்டாக்கிய ஆள். சாப்பாடு உடம்பில் சேராமல் அந்த மகளிடம் பேசிப் புரியவைப்பது கடினம். இதைக் கேட்டபோது அப்பா முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அவ வேணும்னு பண்ணலையா?"

இரவுச் சாப்பாடு

அந்த வீட்டின் ஒரு வேளையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தட்டு வைத்ததும் மகள் ஒவ்வொன்றையும் நகத்தளவு துண்டுகளாக்குவாள். "இது ரொம்ப இருக்கும்மா." "சரி, பாதி சாப்பிடு." "இதுல எண்ணெய் இருக்கு." "சரி, உனக்குத் தனியா பண்ணித் தர்றேன்." கால் மணி நேரம் போனதும் அப்பாவுக்குத் தாடை இறுகும். கத்திவிடுவோம் என்று பயந்து எழுந்து உள்ளறைக்குப் போவார். அவர் போனதும் மகள் தாழ்ந்த குரலில், "இன்னிக்கு மட்டும் விட்டுடும்மா, நாளைக்குச் சாப்பிடறேன். அப்பாகிட்ட சொல்லாத." அம்மா மிச்சத்தை மூடி வைத்துவிடுவார். அப்பா கேட்டால் "சாப்பிட்டா" என்பார். தம்பி தலை குனிந்தபடி தன் தட்டை வேகமாக முடித்துவிட்டு ஓடுவான்.

ஒரு வேளைக்குள்ளேயே உணவின் அளவு பேரத்துக்கு வந்துவிட்டது, சமையல் முறையை நோய் தீர்மானித்தது, பெற்றோர் இருவருக்கும் நடுவில் ஒரு பொய் வந்து உட்கார்ந்தது. மகள் கேட்டதற்காகச் சமையலறையில் உணவை எடை பார்க்கும் கருவிகூட வாங்கி வைத்திருந்தார்கள். அழுகையை நிறுத்த எதையாவது விட்டுக்கொடுத்தால் அன்றைய இரவு அமைதியாகும். மறுநாள் நோய் இன்னும் கொஞ்சம் கேட்கும்.

மீதி நேரத்தில் நிலைமை தலைகீழ். அம்மா டைரியைப் படித்தார். தூங்கிய பிறகு போனை எடுத்து மெசேஜ்களைப் பார்த்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே சத்தம் போடாமல் நின்றார். தோழியின் அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார். மகளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. தனியாகப் பேசியபோது சொன்னாள்: "என் டைரியைப் படிச்சிட்டாங்க. போனைப் பார்த்துட்டாங்க. என்கிட்ட மிச்சம் இருக்கறது இந்தத் தட்டு மட்டும்தான்." நோயை இந்த ஒரு வாக்கியத்தால் விளக்கிவிட முடியாது. ஆனால் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்று அது காட்டியது.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் சிகிச்சை நகராது. 1970களில் சால்வடார் மினுச்சின் போன்ற குடும்ப சிகிச்சையாளர்கள், ஒருவருக்கொருவர் மிதமிஞ்சி ஒட்டிக்கொண்ட, சண்டையைத் தவிர்க்கிற குடும்ப அமைப்புதான் இந்த நோயை வளர்க்கிறது என்று நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படி ஒரு தனிவகைக் குடும்பம் இருப்பதாகக் காட்டவில்லை. குடும்பம்தான் நோய்க்குத் தனிக் காரணம் அல்லது முதன்மைக் காரணம் என்ற கருத்தை ஏற்க முடியாது என்று சர்வதேச உணவுக் கோளாறு அகாடமி 2010இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. பரம்பரைக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு. மருத்துவர் பார்க்கும் ஒட்டுதலும் கண்காணிப்பும் பெரும்பாலும் நோய் வந்த பிறகு வந்தவை. பட்டினியில் கிடக்கும் பிள்ளையை எந்த அம்மாதான் இயல்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்?

ஆனாலும் ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. காரணமாக இல்லாவிட்டாலும், குடும்பம் பேசும் விதம் குணமாவதைப் பாதிக்கிறது. குறை சொல்லும் பேச்சு அதிகமாக உள்ள வீடுகள் சிகிச்சையைப் பாதியில் விடுவதும், பலன் குறைவதும் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினரின் ஆய்வுகளிலேயே தெரிய வந்தவை. "உனக்காக நாங்க எவ்வளவு கஷ்டப்படறோம் தெரியுமா" என்பதும் குறை சொல்லும் பேச்சுதான், எவ்வளவு அழுதுகொண்டு சொன்னாலும்.

தட்டு பெற்றோர் கைக்கு

அந்த மோட்ஸ்லி குழுவின் 1987 ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் குடும்பம் சார்ந்த சிகிச்சை. பின்பு ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் இருவரும் அதற்கு முறையான வழிகாட்டி எழுதினார்கள். மூன்று கட்டங்கள்: முதலில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கிறார்கள், அடுத்து அந்தப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் போகிறது, கடைசியாக அந்த வயதுக்குரிய வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். 2010இல் வந்த ஆய்வில் 121 பேரிடம் இந்த முறையைத் தனிநபர் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு கழித்து முழுக் குணம் கண்டவர்கள் குடும்ப சிகிச்சையில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காடு. பாதிப் பேர் அந்த அளவுக்கு வரவில்லை என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் வன்முறையோ துன்புறுத்தலோ இருந்தால் இந்த முறையே பொருந்தாது.

நாங்கள் முதலில் செய்தது பேச்சைக் குறைப்பது. மருந்தின் அளவை யாரும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிள்ளையோடு பேரம் பேசுவதில்லை; இந்த நோயில் உணவுதான் மருந்து. அளவை அம்மாவும் அப்பாவும் முன்கூட்டியே, மகள் இல்லாதபோது பேசி முடிவு செய்ய வேண்டும். மேசைக்கு வந்த பிறகு விவாதம் கிடையாது. சத்து, ஆரோக்கியம், எலும்பு பலவீனம் என்று பாடம் நடத்தவும் கூடாது. அவற்றைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? சொல்லும் ஒவ்வொரு வாதத்துக்கும் நோயிடம் ஒரு எதிர்வாதம் தயாராக இருக்கிறது. மாற்றாகச் சில சின்ன வாக்கியங்களைப் பயின்றார்கள். "கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா. அடுத்த வாய் எடுத்துக்கோ." "நான் இங்கதான் இருக்கேன்." "இது முடியற வரைக்கும் நாம எங்கயும் போகப் போறதில்லை." அவ்வளவுதான். குரல் ஏறாமல், கெஞ்சாமல்.

எழுத எளிது. சிகிச்சை அறையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டிய அமர்வில் மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். உணவு அப்பாவின் சட்டையெல்லாம் சிந்தியது. "உங்களை எனக்குப் பிடிக்கவே இல்லை" என்று கத்தினாள். அப்பா எழப் போனார், பழக்கம். அம்மா அவர் கையைப் பிடித்தார். இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா சட்டையைக்கூடத் துடைக்காமல் வேறொரு தட்டில் அதே அளவு வைத்து மகள் பக்கம் நகர்த்தினார். "கோபப்படு, பரவாயில்லை. சாப்பாடு மாறாது." நாற்பது நிமிடம் ஆனது. முழுவதும் முடியவில்லை, ஆனால் வழக்கத்தைவிட அதிகம். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அந்த அழுகையைப் பார்த்தபடி அசையாமல் இருப்பது ஒரு தாய்க்கும் தந்தைக்கும் எவ்வளவு கடினம் என்பதை இந்த நோயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நோயையும் மகளையும் பிரித்துப் பேசவும் கற்றுக்கொண்டார்கள். "நீ பொய் சொல்றே" என்ற இடத்தில் "நோய் உன்னை மறைக்கச் சொல்லுது" என்றார்கள். மகளுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை, "நான்தான் பேசறேன், நோய் இல்லை" என்றாள். சரி, அவள் முன்னால் அப்படிச் சொல்லாமல் பெற்றோர் தங்களுக்குள் அப்படி நினைத்துக்கொண்டாலே போதும் என்று முடிவெடுத்தோம். யார் மீது கோபப்படுகிறோம் என்பது பெற்றோருக்குத் தெளிவாவதற்குத்தான் இந்த உத்தி முக்கியமாக உதவுகிறது.

டைரி, போன், கதவு

உணவில் பிடியை இறுக்கும்போது மற்ற இடங்களில் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்த்தாவிட்டால் பிள்ளை மூச்சுமுட்டிப் போகும். அம்மா மகளிடம் சொன்னார்: "உன் டைரியைப் படிச்சேன். பயத்துல படிச்சேன், ஆனாலும் அது சரியில்லை. இனிமே படிக்க மாட்டேன்." மகள் பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து டைரிக்கு ஒரு பூட்டு கேட்டாள், வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சாப்பிட்டதும் வாந்தி எடுக்கும் அபாயம் இருந்ததால், சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் யாராவது ஒருவரோடு கூடத்தில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மகளை உட்காரவைத்து, ஏன் இந்த விதி, எவ்வளவு காலம், எதைப் பார்த்து இது தளரும் என்று சொன்னார்கள். கதவுக்கு வெளியே மறைந்து நின்ற அம்மாவும் இந்த விதியும் பாதுகாக்க நினைத்தது ஒன்றைத்தான். ஆனால் மறைந்து நிற்பவரைப் பிள்ளை நம்பாது. சொன்ன விதியைத் திட்டிக்கொண்டே ஏற்கும். தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ தெரிந்தால் அந்தரங்கத்தைவிட உயிர் முக்கியம் என்பதையும் அவளிடம் முன்பே சொல்லி வைத்தோம்.

எடை பார்ப்பது வீட்டை விட்டு வெளியேறியது. வாரம் ஒரு முறை சிகிச்சையகத்தில், அமர்வின் தொடக்கத்தில். வீட்டில் உடல் எடை பார்க்க இருந்த கருவி, சமையலறைக் கருவி இரண்டும் அகற்றப்பட்டன. எடையைப் பற்றிய பேச்சும் அதோடு நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், பெற்றோர் தங்கள் எடையைப் பற்றிப் பேசுவது உட்பட. பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பதின்வயதினரிடம் டயட்டும் ஆபத்தான எடைக்குறைப்பு முறைகளும் அதிகம் காணப்படுவதாக 2013இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த அம்மா கண்ணாடி முன் நின்று தன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து அலுத்துக்கொள்வது வழக்கம். மகளுக்கு நோய் வந்தது இதனால் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நிறுத்தினார்.

உறவினர்களின் வாயைத்தான் அடக்க முடியவில்லை. எடை கூடத் தொடங்கியதும் பாட்டி ஆசையாகச் சொன்னார்: "இப்பதான் முகம் தெளிஞ்சு, நல்லா பூசினாப்ல இருக்கே." மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. "நல்லா இருக்கே" என்பது அவள் காதில் "குண்டாயிட்டே" என்றுதான் விழும். உடம்பைப் பற்றிப் பாராட்டாகக்கூட எதுவும் சொல்ல வேண்டாம், பள்ளியைப் பற்றி, அவள் வரையும் படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று அப்பா பாட்டியிடம் தனியாகப் பேசினார். தன் அம்மாவிடம் அப்படிச் சொல்வதற்கு அவருக்குப் பல நாள் ஆனது.

இருவருக்கும் நடுவில்

பெற்றோர் ஒரே குரலில் பேசாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. இவர்களில் அம்மா இளகுவார், அதைப் பார்த்து அப்பா இறுகுவார், அதைப் பார்த்து அம்மா இன்னும் இளகுவார். மகள் முன்னால் இதைப் பேச முடியாது. அதனால் சில அமர்வுகளில் பெற்றோரை மட்டும் பார்த்தோம். குறை சொல்லும் பேச்சு அதிகமாக உள்ள குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே பார்ப்பது கூடுதல் பலன் தருகிறது என்று மோட்ஸ்லியின் ஐவன் ஐஸ்லர் குழுவினர் 2000இல் காட்டினார்கள். 2016இல் லெ கிரேஞ்ச் குழுவினர் 107 பேரிடம் நடத்திய ஆய்வில், சிகிச்சை முடிவில் குணம் கண்டவர்கள் பெற்றோரை மட்டும் சந்தித்த முறையில் 43 விழுக்காடு, எல்லோரையும் சேர்த்துச் சந்தித்த முறையில் 22 விழுக்காடு. பின்தொடர்ந்து பார்த்தபோது அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. ஆனாலும் பிள்ளை வர மறுக்கிறது என்பதற்காகச் சிகிச்சையையே கைவிட வேண்டியதில்லை என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

அந்த அமர்வுகளில் பெரும்பகுதி "அப்பாகிட்ட சொல்லாத" என்ற ஒரு வாக்கியத்திலேயே போனது. அம்மாவுக்கு அது மகள் தன்மீது வைத்த நம்பிக்கை. அதை உடைத்தால் மகள் தன்னிடமும் பேசமாட்டாள் என்று பயந்தார். ஒத்திகை பார்த்துக் கடைசியில் இப்படி ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்: "மறைக்க மாட்டேன் கண்ணு. ஆனா உன் முதுகுக்குப் பின்னால சொல்லவும் மாட்டேன். நான் சொல்லும்போது நீயும் பக்கத்துல இரு." மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து தோழியோடு நடந்த சண்டையைப் பற்றி அம்மாவிடம் சொன்னாள். சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு. நோய் வந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை என்றார் அம்மா. இதற்காகவே நாளில் கொஞ்ச நேரத்தை உணவைப் பற்றி யாரும் வாய் திறக்காத நேரம் என்று ஒதுக்கச் சொல்கிறேன். தம்பிக்கும் அந்த நேரத்தில்தான் அம்மா கிடைத்தார்.

பொறுப்பு திரும்பியது

எடை அவளுடைய பழைய வளர்ச்சிக் கோட்டை நெருங்கி, சாப்பாட்டு நேரச் சண்டை தணிந்ததும், மாலைச் சிற்றுண்டியை மட்டும் அவள் பொறுப்பில் விட்டார்கள். பிறகு பள்ளியில் மதியச் சாப்பாடு. தேர்வு சமயத்தில் மதியச் சாப்பாடு திரும்பவும் பையிலேயே வீட்டுக்கு வந்தது. அந்த வார எடையும் இறங்கியது. பெற்றோர் திட்டவில்லை, ஏமாந்துவிட்டோம் என்று புலம்பவில்லை. "இது இப்போதைக்கு உனக்குக் கனமா இருக்கு. ரெண்டு வாரம் நாங்க பார்த்துக்கறோம், அப்புறம் நீயே எடுத்துக்கோ" என்றார் அப்பா. கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்குவது தண்டனையாகத் தெரியாமல் இருக்க, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டும்.

அப்புறம் வேறு வகைச் சண்டைகள் தொடங்கின. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாமதமாக வீடு திரும்பினாள். "எல்லாத்துக்கும் காரணம் சொல்லணுமா?" என்று எதிர்த்துப் பேசினாள். நோய் திரும்புகிறதோ என்று அம்மா பதறிக்கொண்டு வந்தார். தட்டு காலியாகிறதா என்று கேட்டேன். ஆகிறது. அப்படியானால் இது 15 வயது என்றேன். சாத்திய கதவை அப்படியே விடுவதுதான் இந்த அம்மாவுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. சிந்திய தட்டின் முன் உட்கார்ந்ததைவிட.

மாதவிடாய் திரும்பிவிட்டது. துடிப்பு சீராக இருக்கிறது. உடம்பைப் பற்றிய பயம் முழுவதும் போகவில்லை. அது பெரும்பாலும் எடை தேறிய பிறகு மெதுவாகத்தான் விலகும். அதற்குத் தனி அமர்வுகள் தொடர்கின்றன. இப்போதுள்ள கேள்வி, பள்ளி ஓட்டப் பயிற்சியில் சேரலாமா என்பது. அப்பா சரி என்கிறார், அம்மா வேண்டாம் என்கிறார். இந்த முறை இருவரும் மகள் இல்லாதபோது பேசி முடித்துவிட்டு, சேர்ந்தே அவளிடம் சொன்னார்கள்: டாக்டர் அனுமதித்தால் வாரம் இரண்டு நாள், பயிற்சி நாளில் கூடுதலாக ஒரு சிற்றுண்டி, இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால் பயிற்சி நிற்கும். மகள் வாரம் மூன்று நாள் வேண்டும் என்று கேட்டாள். அடுத்த அமர்வில் இதைப் பேச வேண்டும்.